ஆறு பொத்தான்களும் ஒரு பென் ட்ரைவும்

யுத்தம் கடைசிக் கட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்த வருடங்கள் அவை. நாங்கள் வெள்ளவத்தையில், கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு வீட்டின் கீழ்மாடியில் வாடகைக்கு இருந்தோம். நான் கொள்ளுப்பிட்டியில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் தட்டச்சு வேலை செய்தேன். என் கணவர் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் கவுண்டரில் இருந்தவர். மூன்று பாஷையிலும் பகிடி விட்டுச் சிரிக்கவைப்பார். பத்திரம் எடுக்க வந்தவர்கள் பத்திரத்தை மறந்து அவரோடு கதைத்துக்கொண்டு நிற்பார்கள். எங்கள் ஒரே மகள் அப்போது இந்தியாவில் படித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு சனிக்கிழமை காலை, சவரம் செய்துகொண்டிருந்தவர் கண்ணாடிக்கு முன்னாலேயே சரிந்துவிட்டார். பக்கவாதம். வயது ஐம்பத்திரண்டு. உயிர் தப்பினார், ஆனால் வலது கையும் காலும் விழுந்துவிட்டன. அதைவிட மோசம், பேச்சு போய்விட்டது. அறிவுக்கு ஒரு குறையும் இல்லை. நாங்கள் சொல்வதெல்லாம் அவருக்கு விளங்கும். தண்ணீர் வேண்டும் என்று நினைப்பார், வாயைத் திறப்பார், "அது... அது..." என்பதற்கு மேல் வராது. ஆமாம் என்பதற்கு நாங்கள் சொல்லும் "ஓம்" மட்டும் வரும். இல்லை என்று சொல்ல வேண்டிய இடத்திலும் "ஓம்" என்றுதான் வரும். பிறகு தன்மேலேயே கோபம் வந்து இடது கையால் கட்டிலில் அடிப்பார். அத்தனை கதைத்த மனிதர் அப்படி அடிப்பதைப் பார்க்கமுடியாமல் நான் குசினிக்குள், அடுப்படியில் போய் நிற்பேன்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சிக்கு மாதத்தில் ஒருநாள்தான் தருவார்கள். அங்கே இருந்த மிஸ் ஒரு சிங்களப் பெண், தமிழ் கொஞ்சம் தெரியும். முதல் நாள் வெளிநாட்டு அட்டைகளைக் காட்டினார். அப்பிள், பனிமனிதன், குதிரைவண்டி. இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மிஸ் அட்டைகளை மூடி வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்.

"இவருக்கு இவரோட வீடு, இவரோட ரோட், இவரோட சாப்பாடு போட்டோ எடுங்க. ஒவ்வொரு நாளும் காட்டுங்க. ஒரு நாளைக்கு மூணு நாலு தரம்."

மூன்று நாலு தரம் காட்ட நான் வீட்டில் இருந்தால்தானே? அவருடைய சம்பளம் பாதியாகிவிட்ட நேரத்தில் நான் வேலையை விட முடியாது.

என்னோடு வேலை செய்த ஒரு முஸ்லிம் சகோதரிதான் வழி காட்டினாள். என்னைவிடப் பத்து வயது இளையவள். அலுவலகத்தில் ஸ்லைட் ஷோ எல்லாம் செய்கிறவள் அவள்தான். "அக்கா, படத்தை ஒண்டொண்டா ஸ்லைடில போட்டு, கீழ பேரை டைப் பண்ணுங்க. நீங்க வேலைக்கு வந்தாலும் அவர் தானே பாத்துக் கொள்ளுவார். ஒரு தரம் நான் செஞ்சு காட்டுறேன், பொறவு நீங்களே செய்ங்க" என்றாள். தன் டிஜிட்டல் கமராவையும் தந்தாள்.

ஒரு மாதம் என் மதியச் சாப்பாட்டு நேரமெல்லாம் அதிலேயே போனது. வீட்டுச் சாமான், சாப்பாடு, உடம்பு, குடும்பம், ரோட்டு, மனநிலை என்று ஆறு ஸ்லைட் ஷோ செய்தேன். மனநிலை என்பதை எப்படிப் படம் பிடிப்பது? நானே முகத்தைக் கோணலாக்கி நின்றேன், அவள் படம் எடுத்தாள். பசி, நோவு, சந்தோஷம், கோபம், பயம், நித்திரை. பயத்துக்கு நான் கண்ணை விரித்து வாயில் கை வைத்ததைப் பார்த்து அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். ரோட்டுப் படங்களை மட்டும் நானே தனியாகப் போய் எடுத்தேன். சந்தை, கோயில் வாசல், கடலோர ரயில் நிலையம், கால்வாய்ப் பாலம், பஸ் நிற்கிற இடம். அந்தக் காலத்தில் கொழும்பு ரோட்டில் நின்று படம் எடுத்தால் வேவு பார்ப்பதாகப் பிடிப்பார்கள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. மரக்கறிப் பையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நொடியில் எடுத்துவிட்டு நடந்தேன். அவருடைய ரோட்டு அது. அதைக் காட்டாமல் வேறு எந்த ரோட்டைக் காட்டுவது?

வீட்டில் கணினி இல்லை. மேல்மாடியில் இருந்த வீட்டுக்கார அன்ரியிடம் ஒன்று இருந்தது. பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பதால் அவர்களோடு முகம் பார்த்துக் கதைக்க வாங்கியது. பென் ட்ரைவில் எல்லாவற்றையும் போட்டுக் கொடுத்தேன். அதற்குள் ஊன்றி நடக்கத் தொடங்கியிருந்தவரை அன்ரி காலை பத்து மணிக்குக் கைபிடித்து மேலே கூட்டிப்போய் உட்காரவைப்பார். அங்கேதான் பிரச்சினை தொடங்கியது.

"பிள்ளை, எனக்கு உந்த ஃபோல்டர் கீல்டர் ஒண்டும் விளங்கேல்லை. சாப்பாட்டைத் திறக்கப் போனா உன்ர கந்தோர்க் கடிதம் திறக்குது. இவர் மேசையில அடிக்கிறார்" என்று அன்ரி மூன்றாம் நாளே முறையிட்டார்.

அந்த வாரம் எங்கள் அலுவலகத்துக்கு ஒரு வெளிநாட்டுக் கம்பனியின் விளம்பர சீடி வந்தது. அதைப் போட்டதும் ஒரு பக்கம் வந்தது. அதில் ஐந்தாறு கப்பல்களின் படங்கள். ஒரு கப்பலை மவுஸால் தொட்டால் அந்தக் கப்பலின் காட்சி மட்டும் ஓடி, முடிந்ததும் பழையபடி அந்த முதல் பக்கத்துக்கே வந்து நின்றது. நான் தட்டச்சு செய்துகொண்டிருந்த கடிதத்தை அப்படியே விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வேண்டியது இதுதான். வாசிக்கத் தேவையில்லை, தேடத் தேவையில்லை. சோற்றுக் கோப்பையைத் தொட்டால் சாப்பாடு ஓட வேண்டும்.

அன்று மதியமே தொடங்கினேன். ஒரே ஒரு ஸ்லைடில் ஆறு பெரிய படங்கள், அதுதான் மெனு. ஒவ்வொரு படத்திலும் அதற்குரிய ஸ்லைட் ஷோவுக்கு இணைப்பு. அலுவலகத்தில் அழகாக வேலை செய்தது. பெருமையோடு மேலே கொண்டுபோய்ச் செருகினால், எதைத் தொட்டாலும் கோப்பு கிடைக்கவில்லை என்றது. என் கணவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் கூனிக்குறுகிப்போனேன். காரணம் பிடிக்க நாலு நாள் ஆனது. அலுவலகக் கணினி பென் ட்ரைவுக்கு E, F என்று ஒரு எழுத்தைக் கொடுக்கிறது, அன்ரியின் கணினி வேறு எழுத்தைக் கொடுக்கிறது. மெனு பழைய எழுத்திலேயே போய்த் தேடிக்கொண்டு நின்றிருக்கிறது. எல்லாக் கோப்புகளையும் பென் ட்ரைவிலேயே ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு பிறகு இணைப்பைக் கொடுத்தால், பெயரை மட்டும் வைத்துத் தன் பக்கத்திலேயே தேடும் என்று கண்டுபிடித்தேன். கண்டுபிடித்தேன் என்றுதான் சொல்வேன். எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அதற்குப் பிறகும் ஒரு கரைச்சல். அவருடைய இடது கை நடுங்கும். படப் பொத்தானுக்கு வெளியே தட்டுப்பட்டால் மெனுவே மூடிக்கொண்டுவிடும். அதற்கும் ஒரு வழி தேடி, பொத்தான் தவிர வேறு எங்கே தொட்டாலும் ஒன்றும் நடக்காதபடி செய்தேன். ஆறு பொத்தான்களும் சேர்ந்து அரைவாசித் திரைக்குமேல் பிடிக்கும்படி பெரிதாக்கினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அவர் தன் கையால், ஒருவர் உதவியும் இல்லாமல், சோற்றுக் கோப்பையைத் தொட்டார். சாப்பாடு ஓடியது. இடியப்பம் வந்தது, சம்பல் வந்தது, தேத்தண்ணி வந்தது. முடிந்ததும் மெனு தானாக வந்து நின்றது. அவர் திரும்பி என்னைப் பார்த்து இடது கைப் பெருவிரலை உயர்த்திக் காட்டினார். எங்கள் கலியாணம் முடிந்து அத்தனை வருடத்தில் அவரிடம் நான் வாங்கிய பாராட்டுகளில் அதைவிடப் பெரியது கிடையாது.

அடுத்த நாலு மாதத்தில் சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன. முதலில் "தண்ணி." பிறகு "கை", "கோயில்". ஒருநாள் என் படத்தைப் பார்த்து, மனைவி என்ற அர்த்தத்தில், "மனிசி" என்றார். ஆனால் ஒரு நேரத்தில் ஒரு சொல்தான். இரண்டு சொல்லைச் சேர்க்க வராது. அதற்குக் காலம் எடுக்கும், அவசரப்படாதீர்கள் என்று மிஸ் சொல்லியிருந்தார்.

அப்படியிருக்க ஒரு புதன்கிழமை காலை. புதிதாகச் சில படங்கள் சேர்ப்பதற்காக பென் ட்ரைவைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் பஸ் ஏறினேன். வழியில் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். அது புதினமில்லை. அடையாள அட்டை, கொழும்புத் தமிழர்கள் வைத்திருக்க வேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டு எல்லாம் கையில் தயாராக வைத்திருந்தேன். என் பையைக் கிளறிய பெண் பொலிஸ் பென் ட்ரைவைத் தூக்கிப் பார்த்தாள்.

"மே மொகத?" இது என்ன என்று கேட்டாள்.

கணவருக்குச் சுகமில்லை, அவருக்கான படங்கள் என்று சிங்களத்தில் சொன்னேன். படங்கள் என்ற சொல் என்னைப் பிடித்துக்கொடுத்தது. பஸ் என்னை விட்டுவிட்டுப் போனது. அரை மணி நேரத்தில் நான் ஒரு பொலிஸ் நிலையத்தில், இன்ஸ்பெக்டர் ஒருவரின் மேசைக்கு முன்னால் நின்றேன்.

ஒரு கான்ஸ்டபிள் பென் ட்ரைவைச் செருகி, மெனுவைத் தொடாமல் உள்ளே இருந்த கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்தான். அவன் முதலில் திறந்தது ரோட்டு. சந்தை, கோயில் வாசல் வந்தன. பாலம் வந்தது. பஸ் நிற்கிற இடத்துப் படத்தின் மூலையில், நான் கவனிக்காமல் விட்ட மணல் மூட்டைக் காவலரண் ஒன்று தெளிவாகத் தெரிந்தது.

"பாலத்தை எதற்குப் படம் எடுத்தீர்கள்?" இன்ஸ்பெக்டர் சிங்களத்தில் கேட்டார். சத்தம் போடவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"என் கணவருக்குக் கதைக்கக் கற்றுக்கொடுக்க, சேர்."

"இது என்ன? சங்கேதமா?"

திரையைப் பார்த்தேன். நான் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தேன். அந்த எழுத்துரு அவர்கள் கணினியில் இல்லை. அதனால் பாலம் என்று இருக்க வேண்டிய இடத்தில் ghyk; என்று இருந்தது. எல்லாப் படத்துக்கும் கீழே அப்படித்தான், ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக. பாலத்தின் படம், அதன் கீழே ஒருவருக்கும் விளங்காத ஏதோ ஒன்று. அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் சந்தேகப்பட்டிருப்பேன்.

அன்ரியின் தொலைபேசி எண்ணைக் கொடுத்தேன். அவர்களே அழைத்தார்கள். அன்ரிக்கு அறுபத்தைந்து வயது. பொலிஸைக் கண்டால் ரோட்டின் மற்றப் பக்கம் போகிறவர். ஆனால் ஒரு மணி நேரத்துக்குள் த்ரீவீலரில் இவரையும் ஏற்றிக்கொண்டு, வைத்தியர்கள் எழுதித் தந்த கிளினிக் கொப்பியையும் பதிவுத் துண்டுகளையும் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு வந்து நின்றார். "பயப்பிடாதை பிள்ளை, எல்லாம் கொண்டு வந்திட்டன்" என்று என் காதில் சொன்னார்.

என் கணவர் காலை இழுத்து இழுத்து உள்ளே வந்தார். என்னைப் பார்த்தார். என்ன நடந்தது என்று அவருக்கு விளங்கிவிட்டது.

இன்ஸ்பெக்டர் அவரிடம் சிங்களத்தில் பெயரைக் கேட்டார். "ஓம்" என்றார் இவர். எங்கே வேலை செய்தீர்கள்? "ஓம்." இந்தப் படங்களை எடுக்கச் சொன்னது நீங்களா? இவர் இல்லை என்று தலையை ஆட்டிக்கொண்டே "ஓம்... ஓம்..." என்றார். பக்கத்தில் நின்ற கான்ஸ்டபிள் நடிக்கிறார் என்று முணுமுணுத்தான். என் கணவரின் இடது கை மேசையை அடிக்க உயர்ந்தது. நான் ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியாது. "சேர், மவுஸை அவரிடம் கொடுங்கள். முதலாவதாக இருக்கிற கோப்பைத் திறந்துவிட்டு அவரிடம் கொடுங்கள். நான் ஒரு சொல்லும் பேசமாட்டேன்" என்றேன்.

இன்ஸ்பெக்டர் கான்ஸ்டபிளைப் பார்த்துத் தலையசைத்தார்.

மெனு வந்தது. ஆறு படங்கள். மவுஸ் வலது பக்கம் இருந்தது. என் கணவர் அதைத் தானே எடுத்து இடது பக்கம் வைத்தார். கை நடுங்கியது. இரண்டு தரம் வெளியே தட்டினார், மெனு அசையாமல் நின்றது. மூன்றாம் தரம் ரோட்டு திறந்தது.

கீழே எழுத்தெல்லாம் குழம்பிக் கிடந்தது. அவருக்கு அது தேவைப்படவில்லை. "சந்தை" என்றார். அடுத்தது. "கோயில்." பாலம் வந்தது. "பா... பாலம்." மணல் மூட்டை தெரிந்த அந்தப் படம் வந்தது. அவர் அந்த மூலையைப் பார்க்கவே இல்லை. "பஸ்" என்றார். ரயில் நிலையத்துக்கு நெற்றியைச் சுருக்கி நெடுநேரம் போராடினார். எல்லோரும் காத்திருந்தார்கள். கடைசியில் "கோச்சி!" என்றார்.

ரயிலுக்கு நாங்கள் சொல்லும் பெயர் அது, சிங்களவர்களுக்கும் தெரிந்த சொல். அந்தப் பெண் பொலிஸ் தன்னை அறியாமல் "கோச்சிய" என்று திருப்பிச் சொன்னாள். நடிக்கிறார் என்று சொன்ன கான்ஸ்டபிள் தலையைக் குனிந்துகொண்டான்.

ரோட்டு முடிந்து மெனு வந்தது. போதும் என்று சொல்ல இன்ஸ்பெக்டர் வாயெடுத்தார். ஆனால் என் கணவர் மவுஸை விடவில்லை. ஒருவரும் சொல்லாமலே மனநிலைப் படத்தைத் தொட்டார். என் கோணல் முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. பசி. நோவு. சந்தோஷம். கோபம். அவற்றையெல்லாம் தட்டித் தட்டிப் போனார். கண்ணை விரித்து, வாயில் கை வைத்து நான் நிற்கிற படம் வந்ததும் நிறுத்தினார். திரையைக் காட்டினார். பிறகு திரும்பி, சுவரோடு நின்ற என்னைக் காட்டினார்.

"மனிசி... பயம்."

இரண்டு சொற்கள். அவர் விழுந்த நாளிலிருந்து முதல் தடவையாக இரண்டு சொல்லைச் சேர்த்திருந்தார். பிறகு வாசலைக் காட்டி, "வீடு" என்றார்.

நான் அழுதேன். பயத்தில் அழவில்லை. சுற்றிவர பொலிஸ் நிற்க, என்னை அடைப்பார்களா விடுவார்களா என்று தெரியாத நிலையில், எனக்கு வந்ததெல்லாம் பெருமை. நான் செய்த ஒரு சின்னப் பொருளை வைத்து இவர் எனக்காகக் கதைத்துவிட்டார்.

"என்ன சொன்னார்?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

சிங்களத்தில் சொன்னேன். "என் மனைவி பயந்துபோயிருக்கிறாள். வீட்டுக்கு விடுங்கள் என்கிறார், சேர்."

அவர் கிளினிக் கொப்பியை முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். பிறகு மவுஸைத் தன் பக்கம் இழுத்து, தானாகவே சோற்றுக் கோப்பையைத் தொட்டுப் பார்த்தார். இடியப்பம் வந்தது, சம்பல் வந்தது. முடியும்வரை பார்த்தார். மெனு திரும்பி வந்து நின்றதும், "இதை யார் செய்தது?" என்றார்.

"நான்தான்."

"எங்கே படித்தீர்கள்?"

"எங்கேயும் இல்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் செய்தேன், சேர்."

அவர் சிரிக்கவில்லை. ரோட்டுப் படங்கள் முழுவதையும் அங்கேயே அழிக்கச் சொன்னார், கான்ஸ்டபிள் அழித்தான். இனி ரோட்டில் கமராவைத் தூக்கினால் இப்படி முடியாது என்று கண்டிப்பாகச் சொன்னார். என் வாக்குமூலத்தை எழுதிக் கையெழுத்து வாங்கினார். பென் ட்ரைவைத் தானே கழற்றி, என்னிடம் தராமல் என் கணவரின் இடது கையில் வைத்தார்.

த்ரீவீலரில் மூவரும் நெருக்கிக்கொண்டு திரும்பினோம். வெள்ளவத்தைக் கால்வாயைத் தாண்டும்போது இவர் வெளியே தலையை நீட்டி, "பாலம்!" என்று சத்தமாகச் சொன்னார். அன்ரி அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வெடித்துவிட்டது.

ரோட்டில் படம் எடுத்து நான் செய்த பிழையையும் சொல்ல வேண்டும். அந்தப் பிழையால் நான் மட்டுமல்ல, அவரும் அன்ரியும் மாட்டியிருக்கலாம். எத்தனையோ பேர் இதைவிடச் சின்னக் காரணத்துக்குப் போய்த் திரும்பி வராத காலம் அது. எனக்கு அன்றைக்கு அதிர்ஷ்டமும் இருந்தது, அதை மறைக்கமாட்டேன்.

அந்த வாரமே எழுத்துகள் எல்லாவற்றையும் படமாக மாற்றிப் போட்டேன். இனி எந்தக் கணினியில் செருகினாலும் தமிழ் தமிழாகவே தெரியும். அடுத்த கிளினிக் நாளில் மிஸ்ஸிடம் காட்டினேன். அவர் மிச்சமிருந்த பொத்தான்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதை எனக்குத் தாங்க. மத்த ஆக்களுக்கும் குடுக்கலாம். சிங்களத்திலயும் ஒண்டு செய்வீங்களா?" என்றார். என் அலுவலகத் தோழியும் நானும் சேர்ந்து செய்தோம். சிங்கள எழுத்துப் பிழைகளை மிஸ் திருத்தினார். என் கோணல் முகங்களை மாற்றுவோமா என்று கேட்டேன். வேண்டாம், முகத்துக்குப் பாஷை இல்லை என்றார். அதற்குப் பிறகு கிளினிக்குக்கு வருகிறவர்கள் தங்கள் பென் ட்ரைவைக் கொடுத்துப் பிரதி எடுத்துக்கொண்டு போனார்கள். சாப்பாட்டையும் வீட்டையும் தங்கள் படங்களால் மாற்றிக்கொள்வது எப்படி என்று நான் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன்.

கிளினிக் வாசலில் ஒருநாள் கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்கட முகத்தை எனக்கு நல்லாத் தெரியும் அக்கா. எங்கட அம்மா ஒவ்வொரு நாளும் உங்களைப் பாத்துத்தான் 'பசி' எண்டு சொல்லிப் பழகினவ. இப்ப நாங்க கேக்க முந்தியே சொல்லுறா" என்றாள். என் கணவர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து, "என்ர... மனிசி... செய்தது" என்றார்.

நான் ஓய்வுபெற்றுப் பல வருடமாகிவிட்டது. அலுவலகத்தில் தட்டிய ஆயிரக்கணக்கான கடிதங்களில் ஒன்றுகூட ஞாபகமில்லை. ஆனால் முன்பின் தெரியாத வீடுகளில் யார் யாரோ என் கோணல் முகத்தைத் தொட்டு, தொலைத்த சொல்லைத் திரும்ப எடுத்தார்கள் என்ற நினைப்பு வரும்போதெல்லாம், இந்தப் பிறவியில் நானும் ஒரு வேலை ஒழுங்காகச் செய்தேன் என்று நெஞ்சு நிமிர்கிறது.